கூடவே வரும் வெளிச்சம்

அன்புள்ள அப்பாவுக்கு, நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நாங்கள் கரண்ட் வேலை பார்க்கும் இந்த ஆஸ்பத்திரியில் ஜன்னலே இல்லாத ஒரு நீண்ட காரிடார். ஆள் நடக்க நடக்கத் தானாக எரியும் விளக்குகளை அங்கே மாட்டினோம். நேற்று, கால் ஆபரேஷன் ஆன ஓர் அம்மா மூச்சு வாங்க நின்றதும் எல்லாம் அணைந்துவிட்டன. பயப்படாதீர்கள், அவர் விழவில்லை. "இந்தக் கட்டடம் என்னை விரட்டுதும்மா" என்றார். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, எரியும் நேரத்தைக் கூட்டினேன். இன்று கடைசிவரை நடந்துவிட்டு, "இப்ப கூடவே வருது" என்று சிரித்தார்.

எவ்வளவு கூட்டுவது என்று, முழங்கால் வலியோடு நின்று நின்று வரும் உங்களோடு நடந்த பழக்கத்தில்தான் தெரிந்தது. ரொம்ப நன்றி, அப்பா.

நம் அம்மாவின் போனில் உங்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள். நடுவில் இருமினாலும் அழிக்க வேண்டாம். எங்களைத் திரும்ப அழைத்துப்போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்