இடது பக்கம் சத்தம் வரலை

செவ்வாய்க்கிழமை.

கம்ப்யூட்டர் ஹெட்போனில் இடது பக்கம் சத்தமே வரலை என்று மகளைக் கூப்பிட்டேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். தானே மாட்டிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

"வாங்கினவனுக்கு மரியாதை இல்ல, மகாராணிக்கு மட்டும் பாடுதா?" என்றேன்.

சிரிக்கலை. ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி என் தலையில் மாட்டினாள். அப்பவும் இடது காதில் ஒண்ணுமில்லை.

"ரிப்பேர் ஹெட்போன்ல இல்லப்பா."

பீன்யா தொழிற்பேட்டையில் இருபது வருஷமாக இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினில் நிற்கிறேன். காதை அடைக்கக் கம்பெனி குடுக்கிற ரப்பரை வலது காதில் மட்டும்தான் வைப்பேன். இடது பக்கத்து மெஷினில் மஞ்சுநாத் கன்னடத்தில் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பான். அது கேட்டால்தானே திருப்பிக் குடுக்க முடியும்.

அடுத்த வாரம் கம்பெனியில் எல்லாருக்கும் காது டெஸ்ட். தேறலைன்னா மெஷினில் நிற்க விடமாட்டார்கள்.

"அம்மாகிட்ட சொல்லாதம்மா" என்றேன்.

மகள் எழுந்து, என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அதுக்கப்புறம்தான் பேசினாள். "டெஸ்டுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போயிடலாம்பா."

ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் குடுத்தேன்.