கன்னத்துக்குத் தெரிந்த சூடு

மார்ச்சு 4

என் வீட்டுக்காரிக்கு,

நான் சொல்லச் சொல்ல மாடி வீட்டுத் தட்டச்சுக்காரம்மா எழுதுகிறார். உன்னைக் கழுதை என்று எழுதச் சொன்னேன், மாட்டேன் என்கிறார். நீயே நினைத்துக்கொள்.

உன் நாய் செத்துப்போய்விட்டது. மாடிப்படிக்குக் கீழே நாலு குட்டி போட்டது. மறுநாள் காய்ச்சலில் சுருண்டு, மாட்டு டாக்டரைக் கூட்டி வருவதற்குள் அடங்கிவிட்டது. மகள் பாப்பாவின் பிரசவத்துக்கு நீ கிளம்பின அன்று அது வயிற்றை இழுத்துக்கொண்டு உன் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தது. நீலப் பையை இடது தோளில் மாட்டியிருந்தாய். நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்து என்னவோ சொன்னாய். உதடு அசைந்தது. என்னவென்று நானும் கேட்கவில்லை.

குட்டிகளுக்குக் கண்ணும் திறக்கவில்லை, காதும் திறக்கவில்லை. எலி மாதிரி இருக்கின்றன. ஓயாமல் கத்துகின்றனவாம். தகரக்கடைக்காரன் வந்து என் காதில் வாயை வைத்து, "யோவ் பெருசு, தெருவே தூங்கல, நீ பாட்டுக்குச் சுவத்தப் பாத்து உக்காந்திருக்கியே!" என்று கத்தின பிறகுதான் எனக்குத் தெரியும். வேலை பார்த்த பாய்லரின் இரைச்சல் தின்றது போக மிச்சமிருக்கிற இந்தக் காதுக்கு அது எட்டவே இல்லை. எப்போது பசிக்கிறது, எப்போது குளிர்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பேன்?

மாட்டுப்பாலைக் காய்ச்சி, மல்லாத்திப் பிடித்து, பஞ்சில் நனைத்துப் புகட்டினேன். ஒன்றுக்கு மூக்கு வழியாகப் பால் வந்தது. அதோடு சரி. இன்னும் மூன்று இருக்கின்றன. எனக்கு இது ஆகாது. வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்
(கைநாட்டு)

மார்ச்சு 7

வீட்டுக்காரருக்கு,

அவள் போய்விட்டாளா! கடைசியில் தலையைத் தடவியாவது கொடுத்தீர்களா என்று எழுத வந்தேன். வேண்டாம், எழுதவில்லை.

என்னால் வர முடியாது. நாள் நிறைவதற்கு முன்னாலேயே பாப்பாவுக்குப் பெண் பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். என் உள்ளங்கையில் அடங்கிவிடும் முகம். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்குமாக ஓடுகிறார்.

மாட்டுப்பால் கொடுக்காதீர்கள். குட்டிகளுக்கென்றே பால் பவுடர் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். மல்லாத்தக் கூடாது. அம்மாவிடம் குடிக்கிற மாதிரி குப்புறப் படுக்க வைத்துத்தான் புகட்ட வேண்டும். முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லென்று இருந்தால் பால் செரிக்காது. ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிடுங்கள். அம்மா நக்கிவிட்டால்தான் அவற்றுக்கு மூத்திரம் போகும். இப்போது அம்மா நீங்கள்தான்.

வாசலில் நான் கேட்டது, "போய்ட்டு வரட்டுமா?" மூன்று தரம் கேட்டேன். நீங்கள் சுவரைத்தான் பார்த்தீர்கள். இங்கேயே இருந்துவிடும்மா என்கிறாள் பாப்பா. சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச்சு 11

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தைத் தட்டச்சுக்காரம்மா கத்திக் கத்திப் படித்ததில், நீ இனி வரப்போவதில்லை என்பது எனக்கு முன்னாலேயே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தகரக்கடைக்காரன் அன்றிலிருந்து என்னை "யோவ்" போடுவதில்லை. ஐயா என்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

நீ சொன்னபடி பவுடர் வாங்கினேன். குப்புறப் போட்டே புகட்டினேன். துடைத்துவிட்டேன். என் விரல் மேலேயே மூத்திரம் போனபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. சூடு வேண்டுமென்று வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். வைப்பதற்கு முன் கையில் பிடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான்.

விடிந்ததும் பார்த்தால் பாட்டிலை ஒட்டிக் கிடந்த இரண்டும் அசையவில்லை. டாக்டரிடம் ஓடினேன். புரட்டிக் காட்டினார். வயிறெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. "பெரியவரே, எவ்வளவு சூட்ல வச்சீங்க?" என்றார். அவர் வீட்டிலேயே தண்ணீர் வைத்து, நேற்று மாதிரியே பதம் பார்த்துக் கொடுத்தேன். அவர் தொட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். நான் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

அவை கத்தியிருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

மூலைக்கு ஒதுங்கிக் கிடந்த பொடியன் ஒருத்தன்தான் மிச்சம். இந்தக் கையால் இனி அவனைத் தொட மாட்டேன். யாரிடமாவது கொடுத்துவிடட்டுமா? சீக்கிரம் சொல்.

உன் வீட்டுக்காரன்
(கைநாட்டு)

மார்ச்சு 14

வீட்டுக்காரருக்கு,

கொடுக்காதீர்கள்.

தட்டச்சுக்காரம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இனிமேல் வருவதை மட்டும் கதவைச் சாத்திவிட்டுக் கத்துங்கள்.

பாப்பா பிறந்து முதல் தடவை குளிப்பாட்டும்போது நீங்கள் வேலை முடிந்து வந்தீர்கள். தண்ணீர்ப் பேசினில் கையை விட்டு, "பதமா இருக்கு, ஊத்து" என்றீர்கள். தண்ணீரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, "கைய எடுங்க!" என்று கத்தினேன். எழுந்து போய்விட்டீர்கள். அதற்கப்புறம் அவளைத் தூக்கவே இல்லை. பாய்லர் கதவைப் பிடித்துப் பிடித்து உங்கள் கைக்குச் சூடு தெரியாமல் போய்விட்டது. சொன்னால் நொந்துபோவீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொள்ளி மாதிரி உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

கையை நம்பாதீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பாலோ, துணியோ, குட்டியோ, எதுவானாலும் கன்னத்தில். கன்னத்துக்குத் தெரியும்.

குழந்தைக்கு இன்று மூச்சு சரியில்லை.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச்சு 18

என் வீட்டுக்காரிக்கு,

அது பச்சை பேசின். ஒரு பக்கத்துப் பிடி உடைந்திருந்தது. உன் முந்தானை நனைந்து முழங்கையில் ஒட்டியிருந்தது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கரி படிந்த கையென்று அருவருத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். குழாயடியில் போய்ச் சோப்பு கரையும் வரைக்கும் தேய்த்தேன். தேய்த்தும் போகவில்லை. அதனால்தான் பிள்ளையைத் தூக்கவில்லை. வேறொன்றும் இல்லை.

இப்போது ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் செய்கிறேன். தாடியில் பால் காய்ந்து நாறுகிறேன் என்று தட்டச்சுக்காரம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறார். பொடியனைப் பனியனுக்குள் விட்டுத் துண்டால் நெஞ்சோடு கட்டியிருக்கிறேன். காதுக்குக் கேட்காவிட்டால் என்ன? அவன் கத்தினால் நெஞ்செலும்பில் அதிர்கிறது, குழாயில் ஆவி ஏறுகிற மாதிரி. அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் காது வேண்டாம்.

ஆனால் நேற்றிலிருந்து சரியாகக் குடிக்கவில்லை. எடையும் ஏறவில்லை. பிழைப்பானா என்று கேட்டால் டாக்டர் மறுபடியும் எடை போடுகிறார். உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். படுத்தால் நசுக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

குழந்தைக்கு எப்படி இருக்கிறது? உடனே எழுது.

உன் வீட்டுக்காரன்
(கைநாட்டு)

மார்ச்சு 21

வீட்டுக்காரருக்கு,

குழந்தை போய்விட்டாள்.

போனதற்கப்புறம்தான் பாப்பாவின் கையில் கொடுத்தார்கள். அது வரைக்கும் கண்ணாடிக்கு வெளியில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மார்பில் பால் கட்டி வலிக்கிறது. துணியை இறுக்கிக் கட்டிவிட்டிருக்கிறேன். அவள் யாரோடும் பேசுவதில்லை. மாப்பிள்ளை அறைக்குள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். உங்களை மாதிரியே.

இன்று காலையில் தானாகவே வாயைத் திறந்தாள். "அப்பாகிட்ட இருந்த அந்தக் குட்டி, இருக்கா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லும்மா. இருந்தா அங்க போவோம். இல்லைன்னா என்னை எங்கயும் கூப்பிடாத" என்றாள்.

அவளுக்காக என்று பொய் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச்சு 24

என் வீட்டுக்காரிக்கு, பாப்பாவுக்கும்,

இருக்கிறான்.

பிழைத்துவிட்டான் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். இந்த நிமிஷம் பனியனுக்குள் இருக்கிறான், மூச்சு விடுகிறான். இதில் பொய் இல்லை. வேண்டுமானால் தட்டச்சுக்காரம்மா சாட்சிக் கையெழுத்துப் போடுவார்.

கண் திறந்துவிட்டான். பார்வை இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது. நேற்று நான் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று துள்ளினான். என்னடா என்று திரும்பினால், தட்டச்சுக்காரம்மா சமையலறையில் தட்டைக் கீழே போட்டுவிட்டு நிற்கிறார். அது விழுந்ததே எனக்குத் தெரியாது. அவனுக்குக் காது திறந்துவிட்டது.

பாப்பா, உன்னை என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியாது. பேச வேண்டாம். வந்து உட்கார். அந்தச் சுவரில் உனக்கும் இடம் இருக்கிறது. இவனைத் தூக்க வேண்டுமென்று தோன்றினால் தூக்கு, தோன்றாவிட்டால் நானே வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவும் நீயும் எந்த வண்டியில் வந்தாலும், எந்த நேரத்தில் வந்தாலும், கதவைத் தட்டுங்கள். எனக்குக் கேட்காதே என்று வாசலிலேயே நின்றுவிடாதீர்கள். இவன் துள்ளுவான். நான் எழுந்து வந்து திறப்பேன்.

அப்பா
(கைநாட்டு)