கூப்பிட்டால் திரும்பாதே

12 ஜனவரி 1943, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவாக இருந்தால் அடுப்பில் போட்டுவிடுங்கள். மாமாவாக இருந்தால் பார்க்காததுபோல் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அப்பாவாக இருந்தால் — அப்பாவாக இருந்தால் நான் என்ன கேட்டு என்ன.

போன வருஷத்துப் பூகோள நோட்டின் பின்பக்கங்கள் இவை. நாங்கள் இப்போது குடியிருக்கும் மாமா வீட்டுச் சாமான் அறையில் ஓர் உடைந்த ஆர்மோனியப் பெட்டி கிடக்கிறது. அதன் துருத்திக்குள் நோட்டு சரியாக நுழைகிறது.

இன்று வகுப்பில் பாலம்மாள், "ஏட்டி கலாமா, இங்க வா, சடை அவுந்து தொங்குது" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் பேர் பரிபூரணம் என்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பேரைக் கொடுத்தவளே நான்தான். ஜப்பான் குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்தும் ரயிலேறியும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்து, ஜூன் மாதம் இந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்தபோது, என்னை அகதி என்றார்கள், பர்மாக்காரி என்றார்கள். ரங்கூனில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று பாலம்மாள்தான் கேட்டாள். கலாமா என்றேன். "கலாமாவா? நல்ல பேரால்லா இருக்கு! எங்க மம்சாபுரத்துல இப்படி ஒரு பேரு கெடையாதுட்டி" என்றாள்.

அங்கே அடுத்த வீட்டில் மா தீன் இருந்தாள். மாலையில் வேலிக்கு மேலே தலையை நீட்டி, கலாமா, கலாமா என்று கூவுவாள். பர்மியப் பாஷையில் அதற்கு இந்தியாக்காரி என்று பொருள், ஆணானால் கலா. மரியாதையான சொல் அல்ல. பெரியவர்கள் சண்டையில் அதைக் காறித் துப்புவதுபோலச் சொல்வார்கள், கேட்டிருக்கிறேன். ஆனால் மா தீன் சொன்னால் அது நாங்கள் இருவரும் கண்டுபிடித்த சொல்போல இருக்கும். நான் பதிலுக்குச் சப்பைமூக்கி என்பேன். அவள் மூக்கை இன்னும் நசுக்கிக் காட்டுவாள். அவள் உயிரோடு இருக்கிறாளா?

அப்பா காதில் அந்தச் சொல் விழக் கூடாது என்று அம்மா அப்போதே சொல்லியிருக்கிறாள். ஏன் என்று சொல்லவில்லை.

19 ஜனவரி

நிலப்படம் வரைவதில் எனக்கு முதல் பரிசாம். பர்மாவின் ஐராவதி நதியை நிலப்படத்தைப் பார்க்காமலே வரைந்தேன்.

30 ஜனவரி, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று பரிசளிப்பு விழா. அப்பா ராஜபாளையம் மில்லில் குமாஸ்தா. சனிக்கிழமை அரை நாள் என்பதால் மத்தியான ரயிலில் நேரே பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். மூன்றாவது வரிசையில், அந்தச் சூட்டிலும் கோட்டுப் பித்தான்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அப்படி அவர் சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாயிற்று.

பரிசுப் பட்டியலை எழுதியது பாலம்மாள். அவள் கையெழுத்து அழகு என்று ஏசம்மாள் டீச்சர் அவளிடம்தான் எழுதச் சொல்வார். விளையாட்டுக்கு எழுதிவிட்டாள். தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "எட்டாம் வகுப்பு, நிலப்படம் வரைதல், என். கலாமா."

நான் எழுந்துவிட்டேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கூப்பிட்டார்கள், எழுந்தேன். பிள்ளைகள் கைதட்ட மேடை ஏறினேன்.

அப்பாவும் எழுந்தார். "யாரு எழுதினது? அந்தப் பேர யாரு எழுதினது?" அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. வீட்டில் கூப்பிடும் செல்லப் பேர் என்று நினைத்தோம் என்றார் தலைமையாசிரியை. அப்பா எல்லோரும் பார்க்க மேடைக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பரிசுப் பென்சில் பெட்டி மேசையிலேயே இருந்துவிட்டது.

தெரு முழுக்க மணிக்கட்டை விடவில்லை. வீட்டு வாசலில் நின்று, "கூப்பிட்டதும் எந்திரிச்சிட்டியேட்டி. சொணங்கக்கூட இல்லயே. எந்திரிச்சிட்டியே" என்றார்.

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

1 பிப்ரவரி

பள்ளிக்கூடம் கிடையாது. "இனி வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. மார்ச் 22 அன்று எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை. அதில் தேறினால்தான் டீச்சர் ட்ரெயினிங்குக்கு மனுப் போட முடியும். தேறாவிட்டால் கான்சாபுரத்து அத்தை வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, பின்னால் அத்தை மகனுக்கு —

எழுத மாட்டேன்.

8 பிப்ரவரி

அப்பா ரயிலுக்குப் போனதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன். மூன்றாவது பீரியட் வரைதான் இருந்தேன், பயந்து திரும்பிவிட்டேன். மில்லுக்குப் போகிற யாரோ பார்த்து அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் அப்பா வந்தார். என்னைச் சாமான் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார். சாப்பிடவும் குளிக்கவும் ஜெபத்துக்கும் மட்டும் திறப்பார்களாம்.

ஆர்மோனியத்தோடு என்னையும் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, நோட்டு இங்கேதான் இருக்கிறது.

9 பிப்ரவரி

ஒரே ஒரு ஜன்னல். ஆறு கம்பி. அதற்கு வெளியே பின்சந்து.

14 பிப்ரவரி, ஞாயிறு

எல்லோரும் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனார்கள். அம்மா மட்டும் தலைவலி என்று இருந்துவிட்டாள். கதவைத் திறந்து என் தலைக்கு எண்ணெய் வைத்தபடியே சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்காகத்தான் எண்ணெய் வைத்தாள் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். அப்பாவின் தம்பி, ஏசுவடியான். காய்ச்சலில் இறந்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை. ரங்கூன் துறைமுகத்தில் பர்மாக்காரர்கள் இந்தியாக்காரர்களைத் தேடித் தேடி வெட்டிய கலவரம் நடந்த வருஷம். நான் தொட்டில் பிள்ளை. அப்பாவும் அவரும் கைலி கட்டிக்கொண்டு, தலையில் பர்மாக்காரர்போலத் துணி சுற்றிக்கொண்டு, கூட்டத்துக்குள்ளே நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பாதித் தூரம் வந்தாயிற்று. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"பின்னால இருந்து எவனோ சும்மா ஒரு சத்தங் குடுத்தான். ஏ கலா-ன்னு. உங்க அப்பா திரும்பல. உன் சித்தப்பா திரும்பிட்டாக."

தினம் துறைமுகத்தில் மேஸ்திரி அப்படித்தான் கூப்பிடுவானாம். சித்தப்பா சிரித்துக்கொண்டே போவாராம். அவருக்கு அது பழகிப்போன பேர்.

"பொறவு?" என்று கேட்டேன்.

"பொறவு என்ன. அப்பா திரும்பாம நடந்து வந்தாக. இன்னும் அப்படியேதான் நடக்காக."

மா தீன் வேலியில் கூவும்போதெல்லாம் அம்மாவுக்கு ஈரக்குலை நடுங்குமாம். அதனால்தான் அப்பா வரும் நேரத்துக்கு என்னை உள்ளே இழுத்துவிடுவாளாம். நான் அது எண்ணெய் தேய்க்க, பாடம் படிக்க என்று நினைத்திருந்தேன்.

அப்பா மேடையில் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றது அவர் கண்ணுக்கு யாராகத் தெரிந்தது என்று இப்போது விளங்குகிறது.

20 பிப்ரவரி

ஏசம்மாள் டீச்சர் வந்தார். பரிசுப் பட்டியலில் பேரைத் திருத்தியாயிற்று, பரீட்சைத் தாளில் தகப்பனார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றார். "பிள்ளைய கெடுத்துராதீங்க நேசையன்" என்று அவர் அப்பாவிடம் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. அப்பா தாளை வாங்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

28 பிப்ரவரி, ஞாயிறு

இன்று ஒன்று பார்த்தேன். இதற்குமுன் நூறு தடவை பார்த்திருப்பேன், பார்த்ததில்லை.

பின்சந்து வாருகாலில் சாக்கடை தேங்கிவிட்டால் தள்ளிவிட ஒருவர் வருவார். கையில் நீளமான மட்டை. அவர் சந்தின் அந்தக் கோடியில் இருந்தார். அப்பா புறவாசலில் நின்று ஒரு சொல்லால் அவரைக் கூப்பிட்டார். அவர் சாதியைச் சொல்லும் சொல். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மாமாவும், பக்கத்து வீட்டு ராஜு வீட்டுக்காரர்களும், எல்லோரும். அதை இங்கே எழுத மாட்டேன்.

அவர் திரும்பினார்.

உடனே திரும்பினார். சொணங்கக்கூட இல்லை.

3 மார்ச்

தூங்க முடியவில்லை. நானும் அந்தச் சாதிச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். நவம்பர் மழையில் சறுக்கி விழுந்து சேறும் சகதியுமாக வகுப்புக்கு வந்த பாலம்மாளைப் பார்த்துச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாலம்மாளும் சிரித்தாள். அப்பா அந்தச் சொல்லைச் சொல்லும்போது வேலை சொல்வதுபோலச் சொல்வார். நாங்கள் பகடிக்குச் சொல்வோம். எது மோசம்? வாருகால்காரர் காதில் இரண்டும் ஒரேமாதிரிதான் விழுமோ?

இன்று அவர் ஜன்னலுக்கு நேரே வந்தபோது, "உங்க பேரென்ன?" என்று கேட்டேன்.

பயந்துவிட்டார். எதையோ காணவில்லை, அதற்குத்தான் விசாரிக்கிறேன் என்று நினைத்தார். "நான் ஒண்ணும் எடுக்கலயே தாயி!"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

மட்டையை ஊன்றி நிமிர்ந்தார். "சிவனாண்டி" என்றார். பிறகு, "யார்ட்டயும் சொல்லிராத தாயி, எனக்கு ஏச்சு விழும்" என்று சிரித்தார்.

பேரைச் சொன்னதற்கு ஏச்சு விழும் என்று ஒரு மனுஷர் பயப்படுகிறார். நானும் இதை ஒளித்துத்தான் எழுதுகிறேன்.

7 மார்ச், ஞாயிறு

கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன். கடவுளே ஏன் கேட்டேன்.

இரவு ஜெபம் முடிந்து எல்லோரும் கண்ணைத் திறந்ததும் சொன்னேன். "அப்பா, வாருகால் தள்ளுறவரும் கூப்பிட்டா திரும்பிப் பாக்காருப்பா. சித்தப்பா மாதிரி."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "எதோட எதச் சேக்க? அது அவனுக்குள்ள சாதிப் பேரு."

"கலாவும் பர்மாக்காரங்களுக்கு வெறும் பேருதானேப்பா."

அறைந்தார். கன்னத்தில் விரல் பதிந்திருக்கிறது. தொட்டால் சூடாக இருக்கிறது. அறைந்த கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு தாழ்ப்பாள்.

8 மார்ச்

எனக்குச் சித்தப்பாவின் பேரை எடுக்க என்ன உரிமை. நான் பார்த்தேனா, நான் நடந்தேனா. நான் அந்தச் சொல்லோடு விளையாடிய பிள்ளை.

ஆனால் பொய் சொல்லவில்லை. அதுவும் உண்மை.

15 மார்ச்

மத்தியானம் பாலம்மாள் பின்சந்து வழியாக வந்து ஜன்னலில் நின்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன நாத்தம்ட்டி! எப்படி இருக்க இதுக்குள்ள?" என்றாள். பிறகு, "ஏட்டி கலா —" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பரிபூரணம். எம்புட்டு நீளப் பேரு வச்சிருக்காவ ஒனக்கு." என் பென்சில் பெட்டியைக் கம்பி வழியாகத் தந்தாள். அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன். அந்தச் சொல் எங்களை என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியாது. நான் பாதி தெரிந்தவள்.

"பரீட்சைக்கு வருவியாட்டி?"

"தாள் அப்பாகிட்ட இருக்கு."

போகும்போது, "பக்கத்து எடம் ஒனக்குப் போட்டு வைக்கேன்" என்றாள். பரீட்சையில் யாராவது இடம் போட்டு வைக்க முடியுமா? அவள் அப்படித்தான்.

20 மார்ச்

தாளைப் பற்றி அம்மா கேட்டாளாம். அப்பா எழுந்து வெளியே போய்விட்டாராம். கான்சாபுரத்து அத்தைக்குக் கடிதம் போயிருக்கிறது என்று மாமா சொன்னார்.

21 மார்ச், ஞாயிறு

நாளைக் காலை பத்து மணிக்குப் பரீட்சை.

காலையில் கோயிலுக்குப் போய்வந்த பிறகு, அப்பா புறவாசலில் நின்றார். வாருகால் அடைத்துத் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. சிவனாண்டி சந்தின் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார். அப்பா வாயைத் திறந்தார். மூடினார். ஜன்னலிலிருந்து அவருடைய பாதி முகம்தான் எனக்குத் தெரியும்.

"ஏப்பா" என்றார். "ஏப்பா, இங்க வாப்பா."

சிவனாண்டி திரும்பவே இல்லை. தன்னை அல்ல என்று நினைத்திருப்பார்.

அப்பா இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. மட்டை சேற்றில் போய்ப் போய் வந்தது. அப்பா வெகுநேரம் நின்றார். அந்தச் சாதிச் சொல்லைச் சொல்லியிருந்தால் போதும், ஒரு நொடியில் வந்திருப்பார்.

பிறகு என் அறைக் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். தாழ்ப்பாள் திறக்கவில்லை. இரண்டு வாரத்தில் முதன்முதலாக அப்பா என்னிடம் பேசினார், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து.

"அவன் பேரு ஒனக்குத் தெரியுமா?"

சொன்னால் ஏச்சு விழும் என்றாரே. ஆனாலும் சொன்னேன். "சிவனாண்டி."

செருப்புச் சத்தம் போயிற்று. "ஏலே சிவனாண்டி! இங்க அடைச்சிருக்கு பாருலே!" ஏலே மட்டும் அப்படியே இருந்தது. சிவனாண்டி திடுக்கிட்டு நிமிர்ந்தார். யார் கூப்பிட்டது என்று தேடினார். அப்பாவைக் கண்டதும், என்ன தப்புச் செய்தோமோ என்பதுபோல மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்கும் பயம், அப்பாவுக்கும் முகம் சரியில்லை. இருவரும் வாருகாலையே பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. ஜெபத்தின்போது அப்பா வேதப்புத்தகத்தைத் திறந்தார், உள்ளே அந்தத் தாள் இல்லை. கிழித்துவிட்டாரா? அத்தை வீட்டு வண்டி நாளைக்கே வருமா? கேட்கத் தைரியம் இல்லை. கன்னம் இன்னும் மறக்கவில்லை. வழக்கம்போல வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார்கள்.

பரிசுப் பெட்டியிலிருந்த பென்சில்கள் இரண்டையும் சீவி வைத்திருக்கிறேன். ஐராவதி கேள்வி வந்தால் —

யாரோ வருகிறார்கள். செருப்புச் சத்தம். அப்பாதான்.

கதவைத் தட்டுகிறார். தாழ்ப்பாள் அவர் பக்கம்தானே இருக்கிறது? திறந்துகொண்டு வராமல் ஏன் தட்டு