சேகண்டி வைக்க முடியாத போன்

அன்பு மகன் ஜெகனுக்கு, பாபநாசத்திலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் அக்கா குந்தவையும் அவள் மகள் பரிதியும் சாமி புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் ஷோபனாவும் பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு நான் எடுக்கவில்லை என்று குந்தவையிடம் கோபித்துக்கொண்டாயாம். ஆமாம், எடுக்கவில்லை, இனிமேலும் எடுக்கப்போவதில்லை, ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். அம்மா திட்டுகிறாள் என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே.

சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கிற நேரத்தில் மழை வந்து உட்கார்ந்துகொண்டது, வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதால் கீழண்டை வயலில் தண்ணீர் நிற்கிறது, ஆளை விட்டு வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் கூடத்து மூலையில் ஒழுகுகிறது. இதெல்லாம் வருஷா வருஷம் உள்ளதுதான். உள்ளதில் இல்லாததாக வந்து சேர்ந்தது நீ அனுப்பிய இந்தக் கண்ணாடி போன்தான்.

என் பழைய போனை உன் பெண்டாட்டி லீவுக்கு வந்தபோது எடுத்துக்கொண்டு போய்க் கும்பகோணத்தில் பழைய போன் கடையில் போட்டாளே, அது நினைவிருக்கிறதா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேட்டரி உப்பிப்போச்சு அத்தை, வெடிச்சிடும் என்றாள். வெடித்தால் என் கைதானே போகும். அந்தப் போனில் என்ன இருந்தது என்று உனக்கும் தெரியாது அவளுக்கும் தெரியாது. அதில் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு சத்தம் வைத்திருந்தேன். நீ கூப்பிட்டால் உன் குரலே கேட்கும், நீ விமானம் ஏறப் போன அன்று விளையாட்டாக அதில் பேசிவிட்டுப் போனாயே, “எம்மோவ், எடும்மோவ், நான்தான்” என்று, அதுதான் உனக்கு. குந்தவை கூப்பிட்டால் நம் வயலில் நடவுப் பெண்கள் போட்ட குலவை. சொசைட்டிக்காரன் கூப்பிட்டால் ஆடு கத்தும். உன் மாமன் பஞ்சநாதன் கூப்பிட்டால் சங்கும் சேகண்டியும். கீழத்தெருவில் ஒரு பெரியவரை எடுத்துக்கொண்டு போனபோது பரிதியை வாசலில் நிறுத்தி அந்தச் சத்தத்தைப் பிடிக்கச் சொன்னேன், அந்தப் பெண் பயந்துகொண்டேதான் பிடித்தது. கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிற மீரா உசேன்தான் எல்லாவற்றையும் அததன் பேருக்கு வைத்துக் கொடுத்தான். “சாவுச் சத்தமா பெரியம்மா, யாருக்கு?” என்று கேட்டான். என் கூடப் பிறந்தவனுக்கு என்றேன்.

ஏன் அந்தச் சத்தம் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் உங்கப்பா போன அன்றைக்குக் கொள்ளி வைக்கிற பிள்ளையாக நீ ஆண்கள் பக்கம் இருந்தாய், பெண்கள் பக்கம் நடந்தது உனக்கு எட்டவில்லை. உங்கப்பாவை எடுக்கிறதற்கு முன்னால் என் பிறந்த வீட்டுக்காரன் கோடிப் புடவை கொண்டுவந்து என் தோளில் போட வேண்டும். அதற்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி ஈரத்தோடு என்னை உட்கார வைத்திருந்தார்கள், வெளியே ஐப்பசி மழை, வாசலில் சேகண்டி அடித்துக்கொண்டே இருக்கிறது, உங்கப்பாவின் அத்தை மகள் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், ஊதா ரவிக்கை போட்டுக்கொண்டு வந்திருந்தாள், “என்னடி, பொறந்த வூட்டுக் கோடி நீடாமங்கலத்துலேருந்து நடந்தா வருது?” என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள். அவன் வரவில்லை. குறுவை சாய்ந்து கிடக்கிறது, அறுப்பு மெஷின் இன்றைக்கு விட்டால் கிடைக்காது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பினான். நெல் நனைந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது, அக்கா நனைந்துகொண்டிருப்பது தெரியவில்லை. கடைசியில் எதிர்வீட்டு அம்சம் ஓடிப்போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்துவந்து, “நானும் அவ கூடப் பொறந்தவதான், தூக்குங்க” என்று என் மேல் போட்டாள். அன்றோடு பஞ்சநாதனுக்கும் எனக்கும் பேச்சு முடிந்தது. பொங்கலுக்கும் திதிக்கும் அவன் கூப்பிடுவான், சேகண்டி அடிக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து அது ஓய்கிற வரைக்கும் கேட்பேன். எடுக்க மாட்டேன். அவன் கூப்பிடுகிறான், நான் எடுக்கவில்லை, இதுதான் எனக்கும் அவனுக்கும் இருந்தது.

இப்போது புதுப் போனுக்கு வருகிறேன். பழைய போன் போவதற்கு முன்னால் பரிதி கெட்டிக்காரத்தனமாக அந்தச் சத்தங்களையெல்லாம் தன் போனில் ஏற்றி வைத்துக்கொண்டாள். இந்தப் போன் வந்ததும், இதில் போட்டுக் கொடுடி என்றேன். பாவம், அவளும் போராடிப் பார்த்துவிட்டு மீரா உசேனிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, இந்தப் போன்ல நம்ம இஷ்டத்துக்கு ரிங்டோன் வைக்க வுடமாட்டாங்க. அவங்க கடையில இருக்குற பாட்டைக் காசு குடுத்து வாங்கிக்கலாம். சொந்தச் சத்தம் வேணும்னா சுத்திச் சுத்திப் போவணும், அரை நிமிஷத்துக்குள்ள வெட்டணும், அவங்க சொல்ற மாதிரி மாத்தணும், கம்ப்யூட்டர்லேருந்து ஏத்தணும்” என்றான். சரிப்பா, ஏத்து என்றேன். கம்ப்யூட்டரில் மாட்டினால் அது பாஸ்வேர்டு கேட்கிறது. அது உன்னிடம் இருக்கிறது. என் போனுக்குச் சாவி டென்மார்க்கில். யாராவது அம்மாவை ஏமாற்றிவிடுவார்கள் என்று நீ பூட்டி வைத்தாயாம், பரிதி சொன்னாள். அவள் உனக்குப் போன் போட்டுக் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்றும் சொன்னாள். “அதெல்லாம் பாட்டிக்கு எதுக்கு, உள்ள இருக்குறதுல ஒண்ண வச்சிக்கச் சொல்லு, சாவுச் சத்தத்த எவனாவது ரிங்டோனா வைப்பானா” என்றாயாம். சிரித்தாயாம். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாயாம்.

எனக்கு ஒன்று புரியவில்லை ஜெகன். பாட்டுக் கம்பெனிக்காரன் தன் பாட்டைக் காசு கொடுக்காமல் வைக்காதே என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. என் வயலில் என் ஆட்கள் போட்ட குலவைக்கு எவன் சொந்தக்காரன்? நான் பெற்ற பிள்ளை என்னை எம்மோவ் என்று கூப்பிட்டதைக் கேட்க நான் எவனிடம் போய் உத்தரவு வாங்க வேண்டும்? தட்டுகெட்ட அந்தப் பழைய போன் எதை வைத்தாலும் மணியாக அடித்தது. அதை விடப் பத்து மடங்கு உசத்தி என்று நீ அனுப்பியது, எஜமான் சொன்ன சத்தத்தைத் தவிர வேறு சத்தம் போடாதாம்.

பரிதி உள்ளே இருந்த சத்தங்களிலேயே உனக்கு ஒன்று, குந்தவைக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தாள். எல்லாம் கண்ணாடி டம்ளரில் கரண்டியால் தட்டின மாதிரிதான். இது மாமாவுக்கு, இது நீடாமங்கலத்துத் தாத்தாவுக்கு என்று போட்டுப் போட்டுக் காட்டினாள். அவள் காதுக்கு வித்தியாசம் இருக்கிறது, என் காதுக்கு இல்லை. பேர் தெரிகிறதே பார்த்துக்கொள் பாட்டி என்றாள். ஒரு கண்ணில் புரை, இன்னொரு கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், அடுப்படியில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தால் மணி நின்றுவிடும்.

அதற்குத் தகுந்த மாதிரிதான் உங்கப்பா திதி அன்று நடந்தது. ஐயர் போய், காக்காய்க்கு வைத்து, நான் இன்னும் சாப்பிடாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. திதி நாளில் நீ கூப்பிடாமல் இருக்க மாட்டாய் என்ற எண்ணத்தில் ஈரக் கையோடு எடுத்துவிட்டேன். “வாடா சாமி, நீ ஒருத்தனாச்சும் நெனப்பு வச்சிருக்கியே, சாப்புட்டியா?” என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, “சாப்புட்டேன்க்கா. நீ?” என்றது. என் வாய், இந்தப் பாழாய்ப்போன வாய், “இன்னும் இல்ல” என்று சொல்லிவிட்டது. அப்புறம்தான் குரல் யாருடையது என்று உறைத்தது. போனை அப்படியே தண்ணீர்த் தொட்டி மேல் கவிழ்த்து வைத்தேன், அணைக்கத் தெரியவில்லை, அக்கா அக்கா என்று அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததைக் கண்ணாடி டம்ளர் சத்தம் ஒன்று கொட்டிக் கவிழ்த்துவிட்டது. அன்றைக்கு நீ கூப்பிட்டது சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு. அதையும் மறக்க மாட்டேன்.

மறுநாள் மழையோடு மழையாக பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறான். கையில் துணிக்கடைப் பை. அம்சம் எதிர்வாசலிலிருந்து, “என்ன மங்களம், தம்பியாபுள்ள இவ்ளோ சீக்கிரம் வந்துட்டாப்புல, அறுப்பு முடிஞ்சிருச்சாமா?” என்று குரல் கொடுத்தாள். அவள் என் பக்கத்து ஆள், எனக்காகத்தான் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. குந்தவையிடம், அவனுக்குக் கேட்கட்டும் என்றே, “நான் சாப்புட்டியான்னு கேட்டது ஒந்தம்பிய. போனு மாத்தி வுட்டுடுச்சின்னு சொல்லு” என்றேன். அவன், “யாரக் கேட்டா என்ன குந்தவை, எங்காதுலதான வுழுந்துச்சு” என்றான். திமிரைப் பார். உன் அக்காவுக்கு மனசு தாங்கவில்லை, உட்கார வைத்து இலை போட்டாள். மழையில் வந்தவனை எழுந்து போ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, அது வேறு விஷயம். புளிக்குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பல்லெல்லாம் போய்விட்டது, கன்னம் ஒட்டிவிட்டது, சட்டை தோளில் நிற்கவில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். போகும்போது பையை நாற்காலியில் வைத்துவிட்டு, “அன்னைக்கிக் குடுக்காதது” என்று மட்டும் சொன்னான். உள்ளே நூல் புடவை, அரக்குக் கரை. அன்றைக்குக் கொடுக்காததை இன்றைக்கு வாங்கி நான் எந்தத் தோளில் போட்டுக்கொள்வது? அன்றைக்கு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தவள் எங்கே இருக்கிறாள் கொண்டுபோய்க் கொடுக்க? அம்சத்தின் மகன் நீடாமங்கலம் போகிறபோது திருப்பி அனுப்பிவிட்டேன். குந்தவை என்னோடு இரண்டு வேளை பேசவில்லை. பேசாவிட்டால் போகிறாள்.

ஆனால் அவன் விடவில்லை. அக்காவே பேசிவிட்டது என்று நீடாமங்கலம் முழுக்கச் சொல்லிவிட்டானாம். இப்போது தினம் கூப்பிடுகிறான். இங்கேதான் என் கஷ்டத்தை நீ புரிந்துகொள்ள வேண்டும். மணி அடிக்கிறது. நீயாக இருக்கலாம், அவனாகவும் இருக்கலாம். எடுத்தால் அவனிடம் மறுபடி மாட்டிக்கொள்வேன். எடுக்காவிட்டால் என் பிள்ளை கூப்பிட்டு நான் எடுக்காதவளாகிறேன். மீரா உசேன், வேண்டுமானால் உங்கள் தம்பி நம்பரை அடியோடு வராமல் தடுத்துவிடலாம் பெரியம்மா, அது மட்டும் சுலபம் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். எனக்கு அவனோடு பேச்சு வேண்டாம். ஆனால் கூப்பிடுகிறவன் அவன்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும். சேகண்டி அடித்தால் அவன் இருக்கிறான் என்று அர்த்தம். கேட்டுக்கொண்டே எடுக்காமல் இருப்பது ஒன்று, யார் என்று தெரியாமல் எடுக்காமல் இருப்பது வேறு. இரண்டாவதில் அவனுக்கும் தண்டனை இல்லை, எனக்கும் ஆறுதல் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாதவன்தான் அந்தப் போனைச் செய்திருக்கிறான், அவனுக்கு அக்கா தங்கை இல்லை போலிருக்கிறது. உனக்கு அக்கா இருக்கிறாள், உனக்காவது புரியட்டும்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது, அந்தப் பாஸ்வேர்டைப் பரிதிக்குச் சொல். பெரிய விஷயம் இல்லை. சங்கையும் சேகண்டியையும் அவன் பேருக்கு அவள் வைத்துக்கொள்வாள். வீட்டில் அமங்கலம் அது இது என்று ஷோபனா சொன்னால், அது என் வீடு என்று சொல். அதுவரைக்கும் போன் அரிசி டிரம் மேல் கிடக்கும், யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். இதை எழுதும்போதே ஒரு தரம் அடித்தது. நீயாக இருந்தால் இந்தக் கடிதம் வந்து சேருகிற வரைக்கும் பொறுத்துக்கொள். அவனாக இருந்தால், இன்றைக்கும் நான் எடுக்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. சின்னவனுக்குப் பல் முளைக்கிற நேரம், கண்டதைக் கொடுக்காதீர்கள். நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பனியில் வெளியே போகாதே. எல்லாரும் ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க உங்கப்பா மேலிருந்து பார்த்துக்கொள்வார், நானும் கீழிருந்து வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுதினால் பரிதி போனுக்கு அனுப்பாதே, டைப் அடித்தும் அனுப்பாதே, கையால் எழுதித் தபாலில் போடு. உறையைப் பார்த்ததும் உன் எழுத்து என்று எனக்குத் தெரிந்துவிடும், அதற்கு எவன் உத்தரவும் வேண்டாம்.

இப்படிக்கு உன் நன்மையே கோரும்
அம்மா,
மங்களாம்பிகை