ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவள்

என் வாலு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய இருமல் எங்களைவிடச் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றாலும் அப்படித்தானே சொல்வாய்.

போனில் சொன்னால் கேலி பண்ணித் தப்பித்துவிடுவேன், அதனால்தான் கோணல் எழுத்தானாலும் எழுதுகிறேன். போன வாரம் எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குத் திட்ட ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். யார் எந்த ஊருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்று கேட்டு மேப்பில் கோடு போடுகிறாள். அப்படிப் போய்வருகிற ஊரெல்லாம் சேர்ந்து ஒரே வேலை வட்டமாம். பஸ், தண்ணீர், பயிற்சிப் பள்ளி எல்லாம் இனி வட்டத்துக்கே சேர்த்துத் திட்டம் போடுவார்களாம், ஆற்றையும் கெடுக்காமல் ஆளையும் விரட்டாமல் நிலைத்து நிற்கிற வேலையாக வேண்டுமாம். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது, ஊர் எல்லைக்குள்ளேயே வேலை பார்க்கிறவர் இங்கே யார்? படிவத்தில் வீட்டில் சம்பாதிக்கிறவர் பேரெல்லாம் கேட்டிருந்தார்கள், உன் பேரையும் எழுதினேன். எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்ற இடத்தில் ஏழு என்று போட்டேன், தினமும் ஏழுக்குத்தானே போனில் வருகிறாய். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஏம்மா, உங்க பொண்ணு தினமும் ஏரோப்ளேன்லயா போய்ட்டு வருது, உங்க ஒரு வீட்டால என் வட்டம் கடலைத் தாண்டி வால் மாதிரி நீளுதே என்றாள். அவ வாலுதாம்மா என்றேன். உன் அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அவள் உன் பேர் மேல் ஒரு கோடு இழுத்தாள் பார், எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அதைக் கவனித்தாளோ என்னவோ, வேறொரு தாளை எடுத்தாள். இங்கே வேலை கிடைத்தால் திரும்பி வருகிறவர்கள் பட்டியலாம். உங்க பொண்ணு பாக்கற மெஷின் ரிப்பேரைச் சொல்லிக்கொடுக்க இந்த வட்டத்துல ஆளே இல்லம்மா, பட்டியல்ல பேர் இருந்தாத்தான் பயிற்சிப் பள்ளி கேக்க முடியும், உங்க பொண்ணு வருமா என்றாள். வரும்னு எழுதிக்கோம்மா என்றார் உன் அப்பா. அவரை முறைத்தேன், ஒரு தடவை பொய் எழுதிப் பட்டது போதும். தாளை அப்படியே வாங்கி வைத்திருக்கிறேன்.

மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். எனக்காக வருவேன் என்று சொல்லாதே, உனக்கே தோன்றினால் சொல். மாட்டேன் என்றால் உன் முதலாளியைக் கொஞ்சம் திட்டுவேன், அவ்வளவுதான். கண்ணும் கையும் பத்திரமாக, நூறு வயசு நன்றாக இரு. மெஷினைக் கழற்றுமுன் கரண்டை நிறுத்து. பதிலைப் போனில் சொல்லிவிடாதே, எழுதி அனுப்பு. எதுவானாலும் ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் வைத்திருந்துவிட்டுத்தான் தாளை நிரப்பி அந்தப் பெண்ணிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா