மீசையின் இடது நுனி

மார்ச் 4, புதன்

ஒரு சட்டைக்குக் கை மாற்றித் தைத்துவிட்டேன். புத்தி முழுக்க எதிர் சலூனில். அங்கே கத்தி பிடிக்கிறவரைத் தெரு இன்னும் ‘காது’ என்றுதான் கூப்பிடுகிறது. குடித்துவிட்டு, நடுங்கும் கையோடு ஒருவர் காதைக் கீறியதால் வந்த பெயர். குடியை விட்டு மூன்று வருஷமாகிறது. பெயர் விடவில்லை. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புகிறார். அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன் — எழுதிவிட்டேன், போ.

மார்ச் 7, சனி

அப்பாவிடம் சொன்னேன். கத்தவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்குத் தனிச் சீப்பு, தனி எண்ணெய். கடைசியில் கேட்டார்: “உன்னை அந்தக் கையிலயா பிடிச்சுக் கொடுக்கச் சொல்ற?”

பதில் இருந்தது. ஏன் வரல? தையல்காரிக்கு வாயும் தைச்சுப் போச்சா?

மார்ச் 8, ஞாயிறு

அப்பாவும் நானும் டீகூடத் தனித்தனியாக.

மார்ச் 11, புதன்

சலூனுக்குப் போய் இவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், அப்பா கேட்டது நியாயம்தானே என்கிறார். சொல்லிவிட்டு, ஊதிய பலூனில் நுரை தடவிச் சிரைக்க ஆரம்பித்தார். தினமும் கடை திறந்ததும் இதுதான் முதல் வேலை. பலூன் வெடித்தால் அன்றைக்கு யார் முகத்திலும் கத்தி வைக்கமாட்டார். வெடித்து ரொம்ப நாளாச்சு.

மார்ச் 15, ஞாயிறு

அப்பா தானாகவே தெருவைக் கடந்து சலூனுக்குள் போனார். தைத்ததைப் போட்டது போட்டபடி ஓடினேன். நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நிமிர்த்தி, “ஷேவிங்” என்றார். அவ்வளவுதான்.

கத்தி தொண்டைக் குழியைத் தாண்டியது. இவர் கையில் துளி நடுக்கமில்லை. நான்தான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

பாதியில் ஒரு சத்தம் — குறட்டை. பஸ்ஸில்கூடக் கண்ணயராத மனுஷன் கத்திக்கு அடியில் தூங்குகிறார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு மேலுதட்டுக்குப் போனார், கத்தி சறுக்கியது. மீசையின் இடது நுனி துண்டில் விழுந்தது.

மறைக்கவில்லை. எழுப்பி, துண்டைக் காட்டி, “தப்பு என்னோடது” என்றார். அப்பா கண்ணாடியைப் பார்த்தார். எழுந்து வந்துவிட்டார்.

போச்சு. எல்லாம் போச்சு.

மார்ச் 16, திங்கள்

காலையில் அப்பா வலது நுனியையும் தானே நறுக்கிச் சமமாக்கிக்கொண்டு வெளியே வந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மீசை என்னாச்சு, காது வேலையா என்று கேட்டார்.

“மரியாதையாப் பேசுங்க,” என்றார் அப்பா. “மாப்பிள்ளை வெட்டினது.”