உம்மாவின் இடது காலுக்கு எந்த ஸ்டென்ட்

செங்காங், சிங்கப்பூர்
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகள் யும்னாவுக்கு உன் உம்மா ரபியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், என் இடது காலைத் தவிர. அதற்கும் வருகிற புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சுகம் வர இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். கிளாஸ்கோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ரய்யானும் இருமல் தும்மல் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே! உம்மா, ஸ்க்ரீனைப் பாருங்க என்று ஆரம்பித்தால் ஸ்டென்ட் படமும் கட்டமும் எண்களும்தான், உன் முகம் மூலையில் தபால்தலை அளவுக்குப் போய்விடுகிறது. எழுதி முடித்ததும் வாப்பா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. நீ சொன்ன ஸ்டென்ட் வேண்டாம் என்று மற்றதற்குச் சம்மதம் கொடுத்துவிட்டேன். டாக்டர் உன் வயதுச் சீனப் பெண், நல்ல பொறுமைசாலி. இரண்டு மாதிரியையும் என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டும் ரத்தக் குழாய் நசுங்காமலிருக்க உள்ளே வைக்கிற, விரல் பருமனுள்ள வலைக் குழாய்கள். ஒன்று மெல்லிய கம்பிகளைப் பின்னிச் செய்தது, எப்படி மடக்கினாலும் வளைந்து கொடுக்கிறது. ஆனால் உள்ளே விரியும்போது நீளம் குறைந்துவிடுமாம், நினைத்த இடத்தில் சரியாக நிறுத்துவது கஷ்டம், நுனிகளில் பலமும் கம்மி. இன்னொன்று ஒரே குழாயை லேசரில் வெட்டிச் செய்தது, உன்னுடைய கட்சி. அது வைத்த இடத்தில் நிற்கும், அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும். என் அடிவயிற்றில் வலது பக்கத்துக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய் இடது பக்கத்துக் குழாயின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அது போதாதென்று பழைய ரத்தக் கட்டியின் தழும்பு தொடை மடிப்பைத் தாண்டியும் அடைத்திருக்கிறது. மேலே நசுங்கிய இடத்துக்கு நீ சொன்னதுதான் சரி, நீ இன்ஜினியர், உனக்குத் தெரியாததா. எனக்கு இருந்த பயம் அந்த மடிப்பைப் பற்றி, குனிந்து நிமிரும்போது அங்கே ஸ்டென்ட் முறிந்துவிடுமோ என்று. இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. நெற்றி தரையில் படாமல் ரமலான் போனது எனக்கு ரமலான் மாதிரியே இல்லை.

டாக்டரிடம் இதைக் கேட்க வெட்கமாக இருந்தது, வைத்தியம் பேசுகிற இடத்தில் பெரிய மனுஷி இதைக் கேட்கிறாளே என்று நினைப்பாரோ என்று. பவித்ரா என்று ஒரு நர்ஸ், நம் தமிழ்நாட்டுப் பெண், அவள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். ஆன்ட்டி, மனசுல இருக்கறத கேட்டுடுங்க லா என்றாள், சிங்கப்பூர் லா அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. கேட்டேன், தரையில் நெற்றி வைத்து சுஜூது செய்ய முடியுமா என்று. இடுப்பு எவ்வளவு மடங்கும், காட்டுங்கள் என்றார் டாக்டர். நான் எழுவதற்குள் உன் வாப்பா எழுந்துவிட்டார். நான் செஞ்சு காட்டுறேன் டாக்டர், பாத்துக்குங்க என்று கைக்குட்டையை விரித்து, அந்த அறையிலேயே குனிந்து, சுஜூதில் போய், எழுந்து காலை மடக்கி உட்கார்ந்து காட்டினார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியும் பஸ் கார்டும் சிதறி விழுந்தன, முழங்கால் சொடக்கு விட்ட சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். டாக்டர் சிரிக்கவில்லை யும்னா. மேஜையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அங்கிள், ஒன்ஸ் மோர் என்று இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகுதான் பேசினார். இரண்டும் நல்லதுதான், ஆனால் இந்த அளவு மடங்குகிற இடத்தில், உங்கள் காலுக்கு, பின்னியதையே வைக்க விரும்புகிறேன், நீளம் குறைவதற்கும் சேர்த்து நீளமாகவே வைக்கிறேன் என்றார். முன்போல் தொழலாம் என்று வாக்குக் கொடுக்கவில்லை. மறுபடி அடைக்கவும் செய்யலாம், ரத்தம் கட்டாமலிருக்கும் மாத்திரையை விடக் கூடாது, முதலில் நடந்து பழகுங்கள், தரையை அப்புறம் பார்ப்போம் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது, சரி என்றேன்.

நேற்று வாப்பாவோடு தேக்கா கடைத்தெரு வரை போய் வந்தேன். நம் சூட்கேஸ் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை தொங்குகிறது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில், ஊருக்குப் போகிற தம்பிமார் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்க்க, இருப்பதிலேயே பெரிய பெட்டியைத் திறந்து துணி விரித்து அதற்குள்தான் உன்னைத் தூங்க வைப்பேன். அந்தப் பெட்டிதான் வேண்டும் என்று ஒருவர் கேட்க, பிள்ளை எந்திரிக்கட்டும்ணே என்று வாப்பா அவரை டீ குடிக்க அனுப்பினார். அப்போதே என் கால் வீங்கித்தான் இருந்தது. செருப்பு ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்குவோம், வலதுக்கு ஆறாம் நம்பர், இடதுக்கு எட்டாம் நம்பர். மிச்சமாகும் ஒற்றைச் செருப்புகளை எறியவிடாமல் வாப்பா கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைப்பார், நான் கேலி செய்வேன். நீ என் இடது செருப்புக்குள் இரண்டு காலையும் விட்டு நிற்பாய். ஒரு கல்யாண வீட்டில் யாரோ, இந்தப் புள்ளைய சுமந்துதான் ரபியாவுக்குக் கால் போச்சு என்று சொன்னதைக் கேட்டு, சாப்பிடாமல் அழுதாயே, அன்றிலிருந்து அந்தக் காலைப் பார்க்கிறபோதெல்லாம் உன் முகம் மாறும். இந்த ஸ்டென்ட் கட்டங்களையெல்லாம் ஏன் இவ்வளவு பாடுபட்டுப் போடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா. என் கண்ணே, காலை நினைத்து நான் அழுத நாள் உண்டு, உன்னைச் சுமந்ததை நினைத்து அழுததே இல்லை. அதை இத்தோடு விட்டுவிடு.

டிக்கெட் போட்டு ஓடி வராதே, பள்ளி விடுமுறையில் ரய்யானோடு நிதானமாக வா. விமானத்தில் உட்கார்ந்தே கிடக்காதே, எழுந்து நட, தண்ணீர் குடி. கால் விஷயத்தில் நீ என் மகள். ரய்யானிடம் வீட்டில் தமிழில் பேசு. புதன்கிழமை காலை எனக்காக இரண்டு ரக்அத் தொழு, டாக்டரின் கைக்கும் சேர்த்துக் கேள். அல்லாஹ் உங்கள் மூவரையும் அவன் காவலில் வைத்திருப்பானாக, ஆமீன்.

உன் உம்மா,
ரபியா நூருல் அமீன்

பி.கு. இதைப் படம் பிடிக்க வாப்பாவைத் தேடிப் போனேன். மனிதர் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். போன பெருநாளைக்கு வாங்கியதில் மிச்சமான ஒற்றை, இடது கால், ஆறாம் நம்பர், யாரும் போடாதது. தூசி துடைத்து என் ஆஸ்பத்திரிப் பையில் வைத்தார். வீக்கம் அன்றைக்கே வடியாது என்று டாக்டர் சொன்னாரே என்றேன். போறப்ப பழசு, வர்றப்ப இது, பையிலேயே இருக்கட்டும் என்றார்.